கோட்டுப்பால் கட்டு

அஞ்சலையின் ரத்தம் பால் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பாலில் சிவப்பாக ஒரு கோடு இறங்கும், சுழலும், மங்கும். அடுத்த கோடு இறங்கும். அதைப் பார்த்தபடி நான் மரம் மாதிரி நின்றேன். ஓடிப்போய்த் தூக்கினேன் என்று எழுதலாம். பொய் எழுத எனக்கு வராது. நின்றேன்.

முந்தின நாள் மழையில் மேட்டு ரப்பர் மர நிரை முழுக்க வழுக்கல். பால் எடுக்க வாளியோடு இறங்கியவள் சறுக்கினாள். இடுப்பில் செருகியிருந்த உளி நழுவி, விழுந்த வேகத்தில் வலது கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. பால்மரம் வெட்டும் உளியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முனை வளைந்திருக்கும். தினமும் கல்லில் தீட்டுவோம். மரப்பட்டையை மயிரிழை கனத்துக்குச் சீவுகிற சாமான் அது. மனுஷச் சதை அதற்கு எம்மாத்திரம்?

"என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிற? நான் சாவறத வேடிக்க பாக்கத்தான் ஆண்டவன் உன்னைய அடுத்த நிரையில போட்டானா?"

அவள் என்னோடு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதம் கழித்து வந்த முதல் பேச்சு அது.

குழாயடிச் சண்டை

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். 'எப்போது பார்த்தாலும் கங்காணிகளையே ஏன் திட்டுகிறீர்கள் அம்மா' என்று. ஐயா, இந்த வாரமும் திட்டப் போகிறேன். பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்புங்கள்.

மலாய் நாட்டில் லாபிஸுக்கு உள்ளே, ரயில் தண்டவாளத்தை ஒட்டின தோட்டம் எங்களுடையது. சப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முன்னால். எனக்கு இருபது வயது தாண்டியிருக்கும். அஞ்சலை என்னைவிட மூத்தவள். ஒரே கப்பலில் வந்தோம், ஒரே லயத்து வீட்டு வரிசையில் அடுத்தடுத்த வீடு, அடுத்தடுத்த நிரை. கப்பலில் நான் வாந்தி எடுத்தபோது தலையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

அப்படி இருந்தவளோடு சண்டை எதற்கு? கோட்டுப்பாலுக்கு.

மரத்தில் வெட்டின கோட்டில் பால் வழிந்து, கீழே கட்டின கோப்பையில், அதாவது மங்கில், விழும். கடைசிப் பால் கோட்டிலேயே காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதுதான் கோட்டுப்பால். மறுநாள் வெட்டுமுன் அதை உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்வோம், அதற்கும் எடைக்குக் காசு. அவரவர் மரத்தினுடையது அவரவருக்கு. தன் மரத்துக் கோட்டுப்பாலை நான் உரித்துவிட்டேன் என்று அஞ்சலை குழாயடியில் எல்லோர் முன்னும் சொன்னாள். "திருடி" என்றாள். நான் அவள் குடத்தை எட்டி உதைத்தேன். அதோடு சரி.

இப்போது அவள் கால் என் முன்னால் கிழிந்து கிடந்தது. உள்ளே வெள்ளையாக எதுவோ தெரிந்தது. எலும்பா, கொழுப்பா, இன்றைக்கும் தெரியாது.

அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் காப்பித் தூள், சுண்ணாம்பு, புகையிலை. மூன்றும் வீட்டில் இருந்தன. காட்டில் என்ன செய்வது? பூச்சி கடித்தால் கட்டுப் போடுவது ஞாபகம் வந்தது. (பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டோம். பூச்சி.) பையிலிருந்து நாலைந்து கோட்டுப்பால் நாடாவை எடுத்து முறுக்கினேன். அவள் முழங்காலுக்குக் கீழே நாலு சுற்றுச் சுற்றி, என் காலால் அவள் தொடையை மிதித்துக்கொண்டு இழுத்தேன். பச்சை ரப்பர் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். முடிச்சே தேவையில்லை. ரத்தம் நின்றது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "இது எந்த மரத்துக் கோட்டுப்பாலுடி?"

"வாய மூடிக்கிட்டு கெட."

"ஏம் மரத்துதான? ஏம் மரத்துதை வச்சே என்னையக் கட்டுறியா?"

நான் கீழ் நிரைப் பக்கம் திரும்பிக் கூச்சல் போட்டேன்.

வேலாண்டியின் சட்டம்

இங்கே ஒருவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலாண்டி. புல்வெட்டுக் கூட்டத்து ஆள். ஒரு வருஷம் முன்பு அவனைப் பூச்சி கடித்தது. பக்கத்துத் தோட்டத்து மந்திரக்காரர் வந்து கட்டுப் போட்டு, வேப்பிலை அடித்து, மூன்று நாழிகை கழித்துத் தன் கையாலேயே அவிழ்த்தார். வேலாண்டி பிழைத்தான். அவனைக் கடித்தது தண்ணீர்ப் பாம்பாக இருக்கும் என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஆனால் பிழைத்தவன் பேச்சுக்குத் தோட்டத்தில் தனி மரியாதை.

அதற்குப் பிறகு அவன் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே பேச்சு. கட்டுனவன் கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் விஷம் நெஞ்சுக்கு ஏறும். கட்டோடு இருக்கிறவன் ஆற்றைத் தாண்டக் கூடாது. கேட்டுக் கேட்டு எங்கள் எல்லோர் மண்டையிலும் அது ஏறிவிட்டது. என் மண்டையிலும்தான். நான் ஒன்றும் யோக்கியமில்லை.

இரண்டு நிரைப் பால்

நான் போட்ட கூச்சலில் ஆட்கள் வந்தார்கள். அஞ்சலையின் புருஷன் காத்தான் கீழ் நிரையிலிருந்து ஓடிவந்தான். பின்னாலேயே கங்காணி, குடையோடு.

காலைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். அந்த வரிசையில்தான் பார்த்தார்.

"யாரு கட்டுனது?"

"நாந்தான் கங்காணி."

"அதான் ரத்தம் நின்னுருச்சில்ல? காத்தான், ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக் கொட்டாயிக்குத் தூக்கிட்டுப் போ. ஏ புள்ள, நீ போயி பால எடு. அவ நிரையையும் சேத்து எடு."

"நானும் கூடப் போறேன் கங்காணி. கட்டு நான் போட்டது."

"நீ என்னா டிரஸ்ஸரா? ரெண்டு நிரைப் பாலும் மங்குலயே ஒறஞ்சு போச்சுன்னா தொர எங் கழுத்தப் புடிப்பாரு. போ!"

போனேன். கங்காணிக்கு எதிர்ப்பேச்சு பேசினால் மறுநாள் விடிகாலைப் பிரட்டில் பெயர் கூப்பிட மாட்டார்கள், வேலை கிடையாது. அதற்குப் பயந்தேன். ஆனால் போகும்போது எனக்கு இருந்த பயம் வேறு. கட்டுனவள் நான். அவிழ்க்க நான் அங்கே இருக்கப் போவதில்லை.

அஞ்சலையின் நிரை தோட்டத்து எல்லை. அந்தப் பக்கம் காடு. போன மாதம்தான் லயத்து நாயைப் 'பெரியவர்' இழுத்துக்கொண்டு போயிருந்தார். அவரையும் பெயர் சொல்ல மாட்டோம். கோடு கோடாக இருப்பவர். அவள் விழுந்த இடத்தில் இலையெல்லாம் ரத்தம். ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. காற்று காட்டுப் பக்கமாக வீசியது. ரத்த வாடை உள்ளே போகுமே.

ஒவ்வொரு மங்காக எடுத்து வாளியில் கவிழ்ப்பேன். விரலால் வழிப்பேன். திரும்பிப் பார்ப்பேன். அடுத்த மரம். காய் வெடித்துக் கொட்டை விழுந்த சத்தத்துக்கு ஒரு தடவை வாளியைப் போட்டுவிட்டு ஓடியே விட்டேன். பிறகு கங்காணி ஞாபகம் வந்து திரும்பினேன். பெரியவருக்கும் கங்காணிக்கும் நடுவில் நின்று அழுதுகொண்டே பால் எடுத்தேன்.

ரத்தம் விழுந்த வாளிப் பாலைக் கொட்டப் பயம். எடை குறைந்தால் கேள்வி வரும். மற்றப் பாலோடு கலந்துவிட்டேன். எந்த ஊரில் எந்தக் கார் சக்கரத்தில் அஞ்சலையின் ரத்தம் உருண்டதோ.

ஸ்டோரில் எடை போடுமிடத்தில் ஒரு பெண் என்னைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "நீ இன்னும் இங்கயா இருக்க? உன்னையத் தேடி ரெண்டு தடவ ஆள் வந்துச்சே. பால் எடுத்து முடியட்டும்னு கங்காணி திருப்பி அனுப்பிட்டாரு."

எனக்கு யாரும் சொல்லவில்லை. வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். அஞ்சலை விழுந்தபோது வெயில் மரத்துக்கு நடுவில் சாய்வாக வந்தது. இப்போது உச்சியில் நின்றது.

கருத்த பாதம்

ஆஸ்பத்திரிக் கொட்டகை என்பது ஒரு தகரக் கூரை, நாலு பலகைக் கட்டில், பூட்டின ஒரு அலமாரி. மருந்து கட்டுகிற டிரஸ்ஸருக்கு மூன்று தோட்டம். அன்றைக்கு அவர் வேறு தோட்டத்தில். சைக்கிளில் ஆள் அனுப்பியிருந்தார்கள். அலமாரிச் சாவி அவர் பையில்.

உள்ளே பத்துப் பேர் நின்றார்கள். பத்துப் பேரும் சும்மா நின்றார்கள்.

அஞ்சலை மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. போர்வையைத் தூக்கினேன். முழங்கால் வரைக்கும் மனுஷக் கால். அதற்குக் கீழே கத்தரிக்காய் நிறம். நான் போட்ட கட்டு கண்ணுக்கே தெரியவில்லை. சதை வீங்கி அதை விழுங்கியிருந்தது. ரப்பர் நாடா துணி மாதிரி இளகிக் கொடுக்காது. சதை வீங்க வீங்க உள்ளே இறங்கிக்கொண்டே போகும். எனக்கு அது எங்கே தெரிந்தது?

பாதத்தைத் தொட்டேன். ஆற்றுக்கல் மாதிரி சில்லென்று இருந்தது. கட்டைவிரலை நகம் பதியக் கிள்ளினேன்.

"வலிக்குதா அஞ்சலை?"

"எங்க கிள்ளுற?"

நகம் பதிந்த குழி அப்படியே நின்றது. மேலே வரவில்லை.

"எத்தனை நேரமா இப்படி இருக்கு?" என்று கத்தினேன். "கட்ட ஏன் யாரும் தொடல? ரயில் ட்ராலியில வச்சு டவுன் ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோயிருக்கலாமில்ல?"

வேலாண்டி முன்னால் வந்தான். "கட்டுனவ கைதான் அவுக்கணும். அதுக்குத்தான் காத்திருக்கோம். கட்டோட ஆத்துப் பாலத்தத் தாண்டக் கூடாது, தெரியாதா ஒனக்கு?"

"அட கூறுகெட்டவனே, இது பூச்சிக் கடியா? உளி வெட்டுடா!"

"உளியில வெசம் இல்லேன்னு ஒனக்குத் தெரியுமா?"

காத்தான் அழுதுகொண்டே சொன்னான். "தங்கச்சி, நான் அவுக்கறேன்னுதான் சொன்னேன். ஏங் கை பட்டா அவ செத்துருவான்னு சொல்லிட்டாங்க. எனக்குப் பயமாப் போச்சு."

அவனை நான் திட்டவில்லை. பொண்டாட்டி செத்துவிடுவாள் என்று பத்துப் பேர் சொன்னால் எவனுக்குத்தான் கை வரும்?

கரண்டிக் காம்பு

அவிழ்க்கப் பார்த்தேன். அவிழ்க்க அங்கே என்ன இருக்கிறது? நாலு சுற்றும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. அறுக்க வேண்டும். கத்தரிக்கோல் பூட்டின அலமாரிக்குள். என் இடுப்பில் இருந்தது உளி மட்டும். அவளைக் கிழித்த உளியின் கூடப்பிறந்தது.

யாரோ கஞ்சிக் கரண்டி ஒன்றை நீட்டினார்கள். அதன் காம்பை நாடாவுக்கும் சதைக்கும் நடுவில் நுழைத்தேன். நுழைய இடமில்லை. அழுத்தினேன். தோல் வழன்றது. அவள் மேல்தொடை துடித்தது, கீழ்க்கால் கட்டை மாதிரி கிடந்தது. உளி முனையைக் கரண்டிக் காம்பின் மேல் வைத்து அறுத்தேன். உளி காம்பில் பட்டு டிக் டிக் என்று சத்தம் போட்டது.

"கொன்னுறாதடி," என்றாள் அஞ்சலை, மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

கடைசி நாடா அறுந்ததும் பட்டென்று சுருண்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ரத்தம் வந்தது. குபுகுபுவென்று வந்தது. கொட்டகையில் பத்துப் பேரும் ஓவென்று கத்தினார்கள். "பாத்தியா, வெசம் எறங்குது!" என்றான் வேலாண்டி.

நான் செய்ததற்கு அறிவு காரணமில்லை. பயம். அந்த ரத்தத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தலைத்துணியை உருவி, மடித்து, காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் மூடி அமுக்கினேன். மூடினால் தெரியாது அல்லவா? அதற்குத்தான். உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டேன். துணி நனைந்தது. கையை எடுக்கப் பயந்து, அதன் மேலேயே காத்தானின் துண்டை வைக்கச் சொன்னேன். "அவ கால உங்க மடியில தூக்கி வச்சுக்குங்கண்ணே," என்றேன். எடுத்து வைத்துக்கொண்டான்.

தோள் செத்துப்போயிற்று. கை மரத்துப்போயிற்று. இரண்டாவது துணி நனையவில்லை.

மரத்துக்கு மருந்து இருந்தது

டிரஸ்ஸர் வந்தபோது நான் அப்படியேதான் இருந்தேன். சைக்கிளைச் சாத்தாமல் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"கைய எடுக்காத!" என்றார் முதலில். பக்கத்தில் கிடந்த ரப்பர்க் கட்டியைக் குச்சியால் தூக்கிப் பார்த்தார். "இதையா கட்டியிருந்தது? எவ்வளவு நேரம்?"

பத்துப் பேரும் வேலாண்டியைப் பார்த்தார்கள்.

"அவுக்குறப்ப உயிரே போயிருக்கும், தெரியுமா உங்களுக்கு? இப்ப அமுக்குறியே, இதையே மொதல்ல காட்டுல வச்சுச் செஞ்சிருந்தா கட்டே வேணாமே அம்மா. சும்மா அமுக்கிப் புடிச்சிருந்தா போதுமே."

போதுமே. அந்தச் சொல் இத்தனை வருஷமாக என் காதில் கிடக்கிறது.

சரி, டிரஸ்ஸர் ஐயா. தினமும் விடியுமுன் பிரட்டில் எங்களை நிற்க வைத்தார்களே. மங்குகளைக் கழுவு, ஆழமாக வெட்டாதே, மரத்தைக் காயப்படுத்தாதே என்று வருஷக்கணக்காகக் கத்தினார்களே. மரத்தில் உளி ஆழமாகப் பட்டால் பூச ஸ்டோரில் தார் டப்பா இருந்தது, தெரியுமா? தூரிகையோடு இருந்தது. எப்படிப் பூசுவது என்று காட்டியும் கொடுத்தார்கள். மனுஷிக்கு வெட்டுப்பட்டால் துணியை வைத்து அமுக்கு என்று ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆள் சொன்னதுண்டா? நாலு வார்த்தை. அதற்கு என்ன செலவு?

படிக்கிறவர்கள் கேளுங்கள். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து அமுக்குங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் மேலேயே இன்னொன்று வையுங்கள். அடிபட்ட காலை உயர்த்துங்கள். உடனே ஆஸ்பத்திரி. அமுக்கியும் நிற்காமல் பீச்சினால்தான் கட்டு. அதுவும் அகலத் துணியில். எப்போது கட்டியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவிழ்ப்பது அவர் வேலை. நான் செய்த மாதிரி உளியை எடுக்காதீர்கள். காப்பித் தூளைக் காப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ராலி

டிரஸ்ஸர் காயத்தை இறுக்கிச் சுற்றினார். ரயில் ஆட்களிடம் கெஞ்சி, தண்டவாளத்தில் தள்ளுகிற ட்ராலியில் அவளை ஏற்றினோம். தள்ளிய மலாய்க்காரரில் ஒருவர் அவள் பாதத்தைப் பார்த்தார். தன் தலைத்துணியை அவிழ்த்து அதன்மேல் போர்த்தினார். "லெக்காஸ், லெக்காஸ்!" என்று மற்றவனை அவசரப்படுத்தினார். எனக்கு இடமில்லை. டிரஸ்ஸரும் காத்தானும் ஏறினார்கள். ட்ராலி ஆற்றுப் பாலத்தைத் தாண்டுகிற கடகடச் சத்தம் நெடுநேரம் கேட்டது.

வேலாண்டி என் பக்கத்தில் நின்றான். "அவுத்தாச்சு. இனிமே தாண்டலாம்," என்றான். அவன் கன்னத்தில் விட்டேன் ஒன்று. அதற்காக மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

மூன்று வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. காத்தான் வாரம் ஒருமுறை போய்வந்து சொல்வான். முதல் வாரம்: "ரெண்டு வெரல எடுத்துட்டாங்க." இரண்டாம் வாரம்: "இன்னும் பாதத்துல உணர்ச்சி வரல. ஊசியால குத்திப் பாக்கறாங்க. அவ சும்மா படுத்திருக்கா." மூன்றாம் வாரம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உணர்ச்சி வரலேன்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துருவாங்களாம் தங்கச்சி."

போர்வை

அடுத்த ஓய்வு நாளில் ரயில் ஏறினேன். வார்டில் பினாயில் வாடை. கடைசிக் கட்டிலில் அஞ்சலை. பாதி ஆளாகியிருந்தாள். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். போர்வையின் கால் பக்கம் கண்ணைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

"பாருடி," என்றாள். "அதுக்குத்தான வந்த."

"வேணாம்."

"நீ செஞ்சத நீ பாக்காம யாரு பாப்பா?" என்று சொல்லி அவளே போர்வையை விலக்கினாள்.

பாதம் இருந்தது. மஞ்சளும் கறுப்புமாக, தோல் உரிந்து, ஓரத்து இரண்டு விரல் இல்லாமல், இருந்தது. முழங்காலுக்குக் கீழே என் கட்டு விழுந்த இடத்தில் வளையல் மாதிரி ஒரு தழும்பு.

"நாளைக்கிப் பெரிய டாக்டரு வந்து முடிவு சொல்லுவாராம்," என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. திட்டுகிற குரல்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். கட்டைவிரலைத் தொட்டேன். சில்லென்று இல்லை. கொஞ்சம் சூடு இருந்த மாதிரி இருந்தது. என் கையின் சூடாகவும் இருக்கலாம். கொட்டகையில் கிள்ளின அதே இடம். நகம் பதிய, எட்டு மாதக் கோபமும் மூன்று வாரப் பயமும் சேர, ஒரு கிள்ளு கிள்ளினேன்.

கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"அய்யோ! வலிக்குதுடி சண்டாளி!" வார்டே திரும்பியது. நர்ஸ் ஓடிவந்தாள். அஞ்சலை எழுந்து உட்கார்ந்து கத்தினாள். "திருடி! கோட்டுப்பால் திருடி! ஏங் கால வுடுடி!"

நான் விடவில்லை. "ஆமாண்டி," என்றேன். "எடுத்தேன். ஒம் மரத்துதுதான், ரெண்டு மரம். இன்னொரு தடவ கத்து."